துண்டுக்குள் முடிந்த பேரம்

மருத்துவரின் வலது கைமேல் ஒரு பச்சைத் துண்டு வந்து விழுந்தது. துண்டுக்குச் சொந்தக்காரர் மேலூர்ப் பக்கத்து மாட்டுத் தரகர். எங்களிடம் அவர் பேசியதெல்லாம் அதுவரை வாயால்தான். நாக்கின் இடது ஓரத்தில் புண் வந்து, அது புற்றுநோய் என்று உறுதியாகி, அறுவைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரம். துண்டுக்குள் கையை விட்டு மருத்துவரின் விரல்களைப் பிடித்தார். மருத்துவரும் சிரித்தபடி அவர் கையைப் பிடித்துத் தலையை ஆட்டினார். ஏதோ ஊர்ப்பக்கத்து மரியாதை என்று நினைத்தார் மருத்துவர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் அப்போது மதுரையில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில், புதிய சிகிச்சைகளைச் சோதித்துப் பார்க்கும் குழுவில் செவிலியாக இருந்தேன். விளாங்குடிக்காரி, மிஷன் பள்ளி ஆசிரியரின் மகள். மாட்டுக்கும் எனக்கும் உள்ள உறவு பால் பாக்கெட்டோடு சரி. அறுவை மருத்துவரோ கே.கே. நகரில் பிறந்து வளர்ந்தவர், அவருக்கு அந்த உறவும் கிடையாது, காப்பி கூடக் குடிக்க மாட்டார்.

நாங்கள் சோதித்த சிகிச்சை, கேட்பதற்கு எளிமையானது. வழக்கமாக வாய்ப் புற்றுக்கு முதலில் கத்தி, தேவைப்பட்டால் பிறகு வெளியிலிருந்து கதிர். இதில் வரிசை மாறும். கதிர்வீச்சு ஏற்றிய மெல்லிய கம்பித் துண்டுகளைக் கட்டிக்குள்ளேயே ஊசிபோல் செருகி, சில வாரம் விட்டு வைப்போம். அந்தக் கதிர் கட்டியைத் தாண்டி அதிக தூரம் போகாது என்பதால் நோயாளி வீட்டுக்குப் போகலாம், பேரப்பிள்ளை பக்கத்தில் படுக்கலாம். பிறகு கம்பிகளை எடுத்துவிட்டு, திட்டமிட்டபடி அறுவை. கட்டி சுருங்கினாலும் அறுவை உண்டு. வெட்டும் அளவும், சுருங்குவதற்கு முன்னால் நோய் எதுவரை இருந்ததோ அதை வைத்துத்தான். கம்பியை வைப்பது பாதுகாப்பானதா, கட்டி அதற்கு மசிகிறதா என்று பார்ப்பதுதான் அப்போதைக்கு எங்கள் வேலை. நாக்கைக் காப்பாற்றித் தருகிறோம் என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

இதையெல்லாம் தரகருக்கு நிதானமாக, படம் வரைந்து, திருப்பித் திருப்பிச் சொன்னோம். அவர் கெட்டிக்காரர். குறுக்குக் கேள்வி கேட்டே எங்களைத் தண்ணீர் குடிக்க வைத்தார். "கம்பி உள்ள இருக்கையில புகையில போடலாமா?" என்று கேட்டு, நான் முறைத்ததும், "சும்மா கேட்டேன் தாயி, கேக்குறதுக்கும் தடையா?" என்றார். கடைசியில் சம்மதித்துக் கையெழுத்தும் போட்டார். அதன் பிறகுதான் அந்தத் துண்டு வந்து விழுந்தது.

கம்பிகளை வைத்தோம். மரத்துப்போகச் செய்து வைத்ததால் அவர் முனகக்கூட இல்லை. அடுத்தடுத்து வந்து காட்டியபோது கட்டி கண்ணுக்குத் தெரியவே குறைந்திருந்தது. வாயைத் திறக்கவே அழுதவர் தயிர்சோறு சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்றார். எங்களுக்கு உச்சி குளிர்ந்தது. அப்படிக் குளிர்ந்த ஒரு காலையில்தான் அவர் மனைவி, புறநோயாளிப் பிரிவு வாசலில் டீயை ஆற்றிக்கொண்டே என்னிடம் அதைச் சொன்னார்.

"ஆபரேசன்னதும் எனக்கு ஈரக்கொலையே நடுங்குச்சு சிஸ்டரு. அப்பறம், டாக்டரு நாக்கை முழுசா விட்டுத் தாரேன்னு கை புடிச்சுட்டாருன்னு இவுக சொன்னாக. அதுக்கப்பறந்தான் நிம்மதி."

"எப்பக்கா அப்படிச் சொன்னாரு?"

"அன்னைக்கே, துண்டுக்குள்ள. ஒரு விரலுக்குக் கால்வாசி நாக்கு. இவுக நாலு விரலயும் சேத்துப் புடிச்சாக. டாக்டரு மாத்திப் புடிக்கல, தலைய ஆட்டிட்டாரு. பேரம் முடிஞ்சு போச்சுல்ல."

மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாமல் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே கேட்பார்கள், விரலைப் பிடித்தே குறைப்பார்கள். எதிராளி விரலை மாற்றாமல் தலையசைத்துவிட்டால் முடிந்தது. அதற்கு மேல் மறுபேச்சுப் பேசுகிறவனை அடுத்த வாரம் சந்தையில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். நாங்கள் சொன்னதெல்லாம் அவருக்குப் புரிந்திருக்கிறது. அவர் சொன்னதுதான் எங்களுக்குப் புரியவில்லை. அவர் கணக்கில், நாங்கள் பேசியது முதலில் சொல்லும் விலை, துண்டுக்குள் முடிந்ததே கடைசி விலை.

எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. என் டீயைப் பாதியில் வைத்துவிட்டு மருத்துவர் அறைக்குப் போனேன். அவர் கேட்டுவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்திலிருந்த இளைய மருத்துவர், "இப்பச் சொன்னா ஆளு ஓடிருவாரு சார். ஆபரேஷன் முடியட்டும், உயிரு பொழச்சா தன்னால புரிஞ்சுக்குவாரு" என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. அறுவை இல்லாமல் போனால் நோய் கழுத்துக்கு இறங்கும், ஆள் தங்க மாட்டார். ஆனால் தான் எதற்குச் சம்மதித்தோம் என்றே தெரியாத மனிதரை மேசையில் படுக்க வைப்பது எப்படி? மருத்துவர் தயங்கவே இல்லை. "அவர வரச் சொல்லுங்க. துண்டோட" என்றார்.

தரகரின் மனைவியிடம் கேட்டு விரல் கணக்கைத் தெரிந்துகொண்டுதான் மருத்துவர் உட்கார்ந்தார். இந்த முறை கையை முதலில் நீட்டியது அவர். "ஐயா, அன்னைக்கு நீங்க என்ன கேட்டீங்கன்னு தெரியாம தலையாட்டிட்டேன். அந்தப் பேரம் செல்லாது. இப்பக் கேளுங்க."

தரகரின் முகம் சுருங்கியது. ஆனாலும் துண்டைப் போட்டார். துணி அசைவதையே பார்த்துக்கொண்டு நானும் அவர் மனைவியும் நின்றோம். பிறகு மருத்துவர் கையை வெளியே எடுத்துவிட்டு வாயாலேயே சொன்னார். "நாலுன்னு பிடிக்க மாட்டேன்யா. மூணு கிடைக்கும்னு நம்புறேன். ரெண்டாவும் ஆகலாம். உள்ள பாத்தாத்தான் தெரியும். கட்டி சுருங்குனது நெசம். ஆனா கண்ணுக்குத் தெரியாம ஓரத்துல என்ன கெடக்குன்னு எனக்குத் தெரியாது, அதனால பழைய எல்லை வரைக்கும் வெட்டித்தான் ஆகணும். பேச்சு கொழறும். பழகப் பழகத் தேறும்."

தரகர் துண்டை உதறித் தோளில் போட்டார். "கைதான பேரம் பேசுது, நாக்கு எதுக்குன்னு நெனப்பீக. மாட்டுக்காரனப் பேசிக் கூட்டியாரது நாக்குதான் சார். யோசிக்கணும்" என்று எழுந்து போய்விட்டார்.

அந்த வாரம் முழுவதும் அவரை விடாமல் தேடினேன். தொலைபேசியில் அழைத்தால் மனைவிதான் எடுப்பார். "சந்தைக்குப் போயிருக்காக" என்பார். "வருவாரா அக்கா?" என்றால், "இவுக மனசுல இருக்கிறது மாட்டுக்குக்கூடத் தெரியாது சிஸ்டரு" என்பார். கம்பி உள்ளே இருக்கும் ஆளைத் தேடி மேலூருக்கே போகலாமா என்று மருத்துவரும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். போய்க் கெஞ்சலாம், புத்தி சொல்லலாம். ஆனால் பயமுறுத்தி இழுத்து வரக்கூடாது என்பதில் மருத்துவர் பிடிவாதமாக இருந்தார்.

அறுவைக்காகச் சேரக் குறித்த காலையில், நான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட உள்ளே நுழையும்போதே இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் பை, பிளாஸ்க், தலையணை. மருத்துவரைப் பார்த்ததும் தரகர் எழுந்தார்.

"மொதத் தடவ நாலுக்குச் சட்டுன்னு தலையாட்டுனீக பாருங்க, அப்பவே எனக்கு ஒரு சந்தேகம். இழுத்துப் பேசாம ஒத்துக்கிட்டா மாட்டுல எங்கயோ கொறை இருக்குன்னு அர்த்தம். கொறையச் சொல்லி விக்கிறவன்கிட்டதான் மாடு புடிக்கணும்."

"நீங்க கொறையச் சொல்லித்தான் விப்பீகளாக்கும்" என்றார் மனைவி.

"நானா? என் பொழப்பு வேற" என்றார் அவர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கையெழுத்தையெல்லாம் புதிதாக வாங்கினோம். அதற்கு முன்னால் அவரையே எல்லாவற்றையும் எங்களுக்குத் திருப்பிச் சொல்ல வைத்தோம். ஒன்று விடாமல் சொன்னார்.

கம்பிகளை எடுத்த பிறகு அறுவை நெடுநேரம் நடந்தது. மயக்கம் தெளிந்ததும், பேச முடியாத வாயோடு, போர்வைக்கு மேலே விரல்களை அசைத்துக் கேட்டார். மருத்துவர் மூன்று விரலைக் காட்டி, அதில் ஒன்றைப் பாதி மடக்கினார். தரகர் அந்த மடங்கிய விரலையே வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

அதன் பிறகு நடந்ததுதான் உண்மையான பாடு. குழாய் வழியாகக் கஞ்சி, பிறகு கரண்டியில், பிறகு ஒழுக ஒழுக வாயில். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் அவர் ஒருநாளும் சலிப்புக் காட்டவில்லை. ஒரே சொல்லை, வாயில் எச்சில் வழிய வழிய, அது உருப்படும் வரை சொல்லுவார். உருப்படாத சொல்லுக்குப் பதில் வேறு சொல்லைத் தேடிப் பிடிப்பார். சந்தைக்கும் திரும்பப் போனார். முதலில் சிரித்தவர்கள், பிறகு காதைக் கொடுத்துக் கேட்கப் பழகிக்கொண்டார்கள் என்று மனைவி சொன்னார்.

இப்போதும் பரிசோதனைக்கு வருகிறார். போன முறை வந்தபோது எல்லாம் சுத்தமாக இருந்தது. "காப்பாத்துனது ஊசியா கத்தியா?" என்று மருத்துவரிடம் கேட்டார். "தெரியாதுய்யா. உங்க ஒருத்தர வச்சுச் சொல்ல முடியாது. நெறையப் பேருக்குப் பாத்தாத்தான் தெரியும்" என்றார் மருத்துவர். தரகருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

அன்று அடுத்த அறையில் ஒரு பெண் இருந்தாள். வயல் வேலைக்காரி, வயது நாற்பதுக்குள். கன்னத்தின் உள்பக்கம் கட்டி. நாங்கள் சொன்ன எதையும் காதில் வாங்காமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, செத்தாலும் வாயை வெட்ட விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளிடம் பேசட்டுமா என்று தரகர் என்னைக் கேட்டார். நான் அவளைக் கேட்டேன், அவள் சரி என்றாள். ஆர்வத்தில் இல்லாததையும் பொல்லாததையும் சொல்லி வைப்பாரோ என்று நானும் கூடவே போய் நின்றேன்.

அவர் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, வாயை அகலத் திறந்து, நாக்கை முடிந்த மட்டும் வெளியே நீட்டிக் காட்டினார். வெட்டிய ஓரம், தையல் தழும்பு, கோணல் எல்லாம் வெளிச்சத்தில் தெரிந்தது. அவள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பிறகு மெல்லப் பார்த்தாள்.

"இம்புட்டுப் போச்சு தாயி. இம்புட்டு இருக்கு" என்றார். "ஊசியால கொணமாகுமான்னு கேக்காத, அது இவுகளுக்கே தெரியாது. பாத்துக்கிட்டிருக்காக. தெரியாததத் தெரியாதுன்னே சொல்றாக, அதனால நம்பலாம்."

குழறலில் அவளுக்குப் பாதிதான் விளங்கியது. "என்ன சொல்றீக?" என்று முந்தானையை எடுத்துவிட்டுக் கேட்டாள். அவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து மறுபடியும் சொன்னார்.