சம்மட்டி அடியும் கோனியின் அந்தோணியாரும்

எங்கள் கம்பெனியின் வரலாறு என்று பளபளவென்று ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்கள். அதில் கோனி மலாண்ட்ராவின் பெயரே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்று நானூறு பேர் சோறு தின்பது அவளால்தான்!

அமெரிக்காவின் லாங் ஐலண்டில் ஒரு பேக்கரிக்குப் பின்னால் சால் புருஸ்காட்டோ தொடங்கிய பட்டறை அது. போர்க்கப்பல் ரேடாருக்கு வேண்டிய மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் பெட்டிகள் செய்தோம். கோனி பெட்டிக்குள் கம்பிகளைப் பற்றவைப்பவள். கையும் ஓயாது, வாயும் ஓயாது. கணவன் போன பிறகு மூன்று பிள்ளைகளை அந்த வேலையை நம்பித்தான் வளர்த்தாள்.

எழுபத்தாறாம் வருஷம் கடற்படையின் பெரிய ஆர்டர் வாசலுக்கு வந்தது. ஒரே நிபந்தனை. குண்டு வெடித்தால் கப்பலில் தாங்குமா என்று பார்க்க, ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைச் சம்மட்டி இயந்திரத்தில் வைத்து ஒன்பது முறை அடிப்பார்கள். அதன் விளக்கு அணையக் கூடாது. அணைந்தால் அங்கேயே காரணம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் போச்சு, பட்டறைக்கும் பூட்டு.

இரண்டாவது அடியிலேயே அணைந்து தொலைந்தது.

"என்ன காரணம்?" என்று பேனாவைத் திறந்தார் கடற்படை அதிகாரி ஹென்ட்ரிக்சன். எங்கள் இன்ஜினியர்கள் அவசரமாக வரைபடங்களைப் புரட்டினார்கள்.

கோனியின் முகம் வெளிறிவிட்டது. பெட்டிக்குள் ஒரு திருகாணியை மறந்து விட்டவனையே சால் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியவர்.

"பேனாவை மூடுங்க சார்," என்றாள். "உள்ள அந்தோணியார் இருக்காரு."

"யாரு?"

"அவர் உருவம் போட்ட சின்னப் பதக்கம். எங்க தெருவுல புதுக் கார் வாங்கினாக்கூட ஒண்ணு ஒட்டாம ஓட்ட மாட்டோம். கடலுக்குப் போற பொட்டியாச்சேன்னு நான்தான் டேப் போட்டு ஒட்டினேன். நீங்க அடிச்ச அடியில பிச்சுக்கிட்டு விழுந்திருக்கும்."

"அடிப்பாவி!" சால் தலையில் அடித்துக்கொண்டார். "கரண்ட்டுக்குள்ள கொண்டுபோய் இரும்பை வைப்பியா?"

"இரும்பு இல்ல சால், வெள்ளி."

"வாயை மூடு!"

அதிகாரியின் கண்ணெதிரே பெட்டியைத் திறந்தோம். கரண்ட் ஓடும் இரண்டு செம்புப் பட்டைகளுக்குக் குறுக்கே கருகிக் கிடந்தார் அந்தோணியார். எடுத்து வெளியே வைத்தோம். பெட்டியும் எரிந்திருக்கும் என்றுதான் பயந்தேன். இல்லை, கோளாறு கண்டதும் தானே அணைந்து தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது! ஸ்விட்சைப் போட்டதும் விளக்கு எரிந்தது.

"காரணம் கிடைச்சாச்சு. மொதல்லேருந்து அடிங்க," என்றார் ஹென்ட்ரிக்சன்.

அடித்தார்கள். தரை அதிர்ந்தது. கோனி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. ஒன்பது அடிக்கும் விளக்கு கண் சிமிட்டவில்லை. நான் கத்திய கத்தலில் பேக்கரிக்காரர்கள் ஓடி வந்தார்கள். சால் அழுதுகொண்டே அதிகாரியின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அந்த மனுஷன் தூண் மாதிரி நின்றார்.

கோனி கோட்டை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்று கேட்டார் சால்.

"திருகாணிக்கே வீட்டுக்கு அனுப்புவீங்க. நான் சாமியையே உள்ள விட்டவ."

"போ, போ. திங்கக்கிழமை சீக்கிரமா வந்து சேரு," என்றார் சால், மூக்கை உறிஞ்சியபடி. "இனிமே மூடி போடறதுக்கு முன்னால ஒவ்வொரு பொட்டியையும் கடைசியா நீதான் பாக்கணும். நம்ம ஆளுங்க உள்ள என்னென்ன ஒளிச்சு வைப்பாங்கன்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்?"