காக்கிச் சட்டையைக் கண்டு ஒளிந்த பிள்ளை

ஐந்தருவியில் சீசன் கூட்டம். ஈரத்துணியைப் பிழியக் குனிந்து நிமிர்ந்தேன், பிள்ளையைக் காணோம். இரண்டரை வயதுப் பெண் பிள்ளை. அங்கே காவலுக்கு நின்ற என் வீட்டுக்காரரிடம் ஓடிச் சொன்னேன், இரண்டு பேரும் தேடினோம்.

அவர் போலீஸ்காரர். வெளியூர் பட்டாலியனில் இருந்தவர், அந்த வாரம்தான் அருவி டியூட்டிக்கு வந்திருந்தார். லீவில் கைலியோடு வரும் அப்பாவைத்தான் பிள்ளைக்குத் தெரியும். காக்கியில் பார்த்ததே இல்லை. எங்கள் தெருவில் பாதி வீடு போலீஸ் வீடு. ஆனாலும் பிள்ளை சோறு உண்ணாவிட்டால் எல்லார் வாயிலும் ஒரே பேச்சுதான்: "போலீஸ் வருதான், புடிச்சிட்டுப் போயிருவான்!"

அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். சிப்ஸ் கடைக்குப் பின்னால், ஓடைக்கரையில், காலி எண்ணெய் டின்களுக்கு நடுவே ஒளிந்து நின்றாள். ஓடிவரும் காக்கியைப் பார்த்ததும் ஓர் எட்டு பின்னால் வைத்தாள். பின்னால் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது.

"கிட்ட போகாதீங்க!" என்றேன். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஊர் அங்கன்வாடியில் சனிக்கிழமைதோறும் தாய்மாருக்கு ஒரு வகுப்பு. பிள்ளை வளர்க்கக் கிளாஸா, கிழிஞ்சது போ என்று கருவிக்கொண்டுதான் போய்வந்தேன். டீச்சர் அதிகம் பேசமாட்டார். மிரண்டு நிற்கும் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது என்று, அவரவர் பிள்ளையை எதிரே விட்டுச் செய்ய வைப்பார். எங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து காதோடு திருத்துவார். "கீழ உக்காருங்க. கையக் காட்டி ஒருதடவ கூப்பிடுங்க. அப்புறம் வாய மூடிக்கிடணும். அதுவா வரட்டும்." என் வாய் எங்கே சும்மா இருந்தது? "வந்து தொலையேன் ஏட்டி" என்பேன். அவர் அலுக்காமல் மறுபடியும் செய்ய வைப்பார்.

காதால் கேட்டதோடு சரி என்றிருந்தால் அன்றைக்கு ஒன்றும் நினைவுக்கு வந்திருக்காது. உடம்பு தானாகக் குந்தியது. இரண்டு கையையும் விரித்தேன்.

"அம்மாட்ட வாட்டி, தங்கம்."

அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் காக்கியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தண்ணீரைத் திரும்பிப் பார்த்தாள். பாய்ந்து பிடிக்கக் கை துடித்தது. நான் பாய்ந்தால் அவளும் பின்னால் பாய்வாள். அம்மாடி, அந்தப் பயம் என் எதிரிக்கும் வேண்டாம்!

என்னைப் பார்த்து அவருக்கும் ஏதோ விளங்கியிருக்க வேண்டும். மெதுவாகச் சட்டையைக் கழற்றிக் கீழே போட்டார். பனியனோடு குந்தினார். அவரும் வாயைத் திறக்கவில்லை.

பிள்ளை டின்களைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து என் மடியில் ஏறினாள். அவளைத் தூக்கிக்கொண்டு கடைப் பக்கம் வந்தேன்.

கடைக்கார அண்ணாச்சி ஒரு நேந்திரங்காய்ச் சிப்ஸை அவள் கையில் திணித்தார். பிரியமாகத்தான் சொன்னார்: "இனிம ஓடுன, போலீஸ்ட்ட புடிச்சுக் குடுத்துருவேன், பாத்துக்க."

பிள்ளை என் கழுத்தை இறுக்கிக்கொண்டாள்.

"அந்தப் போலீஸ் நாந்தான் அண்ணாச்சி. அப்பிடிச் சொல்லாதீங்க," என்றார் என் வீட்டுக்காரர். பனியனோடு நின்று அழுதுகொண்டிருந்தார்.