அப்பா வண்டிக்கு எந்த ஆயில்

பழைய காருக்கு எந்த இன்ஜின் ஆயில் ஊற்றலாம் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர்களும் கைவசம் ஒரு பதில் வைத்திருப்பார்கள். தெருவில் எல்லோரும் லாண்டரியம்மா என்று கூப்பிடும் அந்த அம்மாள் கேட்டாள். சட்டை வாங்க வந்தவர் கெட்டி ஆயில்தான் என்று அடித்துச் சொன்னார். போர்வை கொடுக்க வந்தவர், தண்ணீர் மாதிரி ஓடுவதுதான் நல்லது என்றார். இஸ்திரி மேசையில் நின்ற அவள் கணவர், அதில் கொஞ்சம் தன் முட்டிக்கும் ஊற்றினால் புண்ணியமாகப் போகும் என்றார்.

அவளுக்குச் சிரிக்க நேரமில்லை. மாதக் கடைசிக்குள் அந்தக் கருநீலக் கார் குன்றின் மேல் ஏறியாக வேண்டும். இல்லையென்றால் வண்டி கையை விட்டுப் போய்விடும்.

அது அவள் அப்பாவின் கார். அப்பா ஓட்டுவார், பக்கத்தில் தம்பி உட்காருவான். அம்மாவும் அவளும் பின்சீட்டில். அவள் மூத்தவள் என்பது பாத்திரம் தேய்க்கும் நேரத்தில் மட்டும்தான் அந்த வீட்டில் எல்லோருக்கும் ஞாபகம் வரும். தம்பிக்கு மீசை அரும்பும் முன்பே ஸ்டியரிங் கைக்கு வந்துவிட்டது. அவள் கேட்டபோது, உனக்கெதுக்கு என்றார் அப்பா. அதோடு சரி. முன்சீட்டிலிருந்து அவளுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரே ஒரு வாக்கியம்: "கதவை மெதுவா சாத்து." ஏறினாலும் அதுதான், இறங்கினாலும் அதுதான். இத்தனைக்கும் அவள் எப்போதும் மெதுவாகத்தான் சாத்தினாள்.

கல்யாணமாகி, கணவரோடு சேர்ந்து லாண்டரிக் கடை வைத்த பிறகு, துணி கொண்டுபோய்க் கொடுக்கிற வேனை ஓட்டக் கற்றுக்கொண்டாள். லைசென்சும் எடுத்தாள். அப்பா போனதும் கார் அவள் கடைக்குப் பின்னால் இருந்த ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. குன்றின் மேல் வீடு கட்டிக்கொண்டு போன தம்பி ஒருநாள் போன் செய்தான். வண்டியை ஒருவர் கேட்கிறார், கொடுத்துவிடலாம் என்றான். முடியாது என்று இவள் ஒற்றைக் காலில் நின்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, அது நகரவே நகராது. நீயே ஓட்டிட்டு வந்து என் வீட்டு வாசல்ல நிறுத்து. அப்புறம் அது உன் வண்டி. நான் வாயே திறக்க மாட்டேன்."

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் வருவதாக ஏற்பாடு. அதுவரை அவளுக்குக் கெடு.

ஆளுக்கொன்று சொன்னதில் வெறுத்துப்போய், கடையில் இருந்ததிலேயே உசத்தியான ஆயிலை அவளே வாங்கி வந்தாள். புத்தம்புதுக் கார்களுக்கென்று வரும் மெல்லிய சிந்தெடிக் ஆயில் அது. நாலு கடை தள்ளி இருந்த மெக்கானிக்கைக் கேட்கவில்லை. கேட்டால் அவரும் தன் பங்குக்கு ஒன்று சொல்வார் என்று நினைத்தாள். பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றினாள். இன்ஜினும் கிளம்பியது. கை பழகட்டும் என்று கொஞ்ச நாள் தெருக்களில் ஓட்டினாள். பிறகு துணிந்து குன்றுப் பாதையில் ஏற்றினாள்.

இரண்டாவது வளைவில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆயில் விளக்கு. அது எரிந்த பிறகு ஓட்டினால் இன்ஜினே போய்விடும் என்பது வேன் ஓட்டிய அவளுக்குத் தெரியும். உடனே அணைத்துவிட்டு இறங்கிப் பார்த்தாள். வண்டிக்கு அடியில் கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் கயிறு கட்டி இழுத்து வந்தார். அவர் வாயைவிட அவருடைய ஸ்பேனர்கள் அதிகம் சத்தம் போடும். ஷெட்டுக்கு வந்து, வண்டிக்கடியில் படுத்துப் பார்த்து, கையைத் துடைத்த பிறகுதான் சொன்னார். மெல்லிய ஆயில், இன்ஜின் பாகங்களின் இணைப்பில் கசியாமல் இருக்க வைக்கிற பழைய கேஸ்கெட் வழியாகக் கசிகிறதாம். அதைவிடப் பெரிய தொல்லை வேறு. இந்தக் காலத்து ஆயிலில் அழுக்கை எடுக்கிற மருந்து நிறையக் கலந்திருக்கும். அவள் அப்பா கண்டதையும் ஊற்றி ஓட்டியதில் இன்ஜினுக்குள் அப்பியிருந்த கசடையெல்லாம் அது பெயர்த்துவிட்டது. பெயர்ந்தது நேராகப் போய் ஆயில் உறிஞ்சுகிற சல்லடையை அடைத்துக்கொண்டது.

"சல்லடையை மட்டும் துடைச்சுட்டு, இருக்கறதுலயே கெட்டி ஆயிலா ஊத்திடறேன். விளக்கு எரியாது, சத்தமும் அமுங்கிடும். ஞாயித்துக்கிழமை ஏறிடலாம்."

"அதுக்கப்புறம்?"

"விக்கத்தானேம்மா போறீங்க?"

லாண்டரியம்மாவுக்கு ஒரு பழைய திரைச்சீலை நினைவுக்கு வந்தது. கடை வைத்த புதிதில் ஒரு வாடிக்கையாளர் கொடுத்தது. நல்ல காரமான சோப்பில் ஊறவைத்தாள். அழுக்கு போனது, கூடவே திரைச்சீலையும் போனது. இழைகளை இத்தனை காலம் பிடித்து வைத்திருந்ததே அந்த அழுக்குதான். நார்நாராக வந்ததைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாடிக்கையாளர் முன்னால் தலைகுனிந்து நின்றாள். அன்றிலிருந்து பழைய துணி வந்தால் முதலில் தூசியைக் கையால் தட்டி எடுப்பாள். சோப்பெல்லாம் அப்புறம்தான். சொந்தத் தொழிலில் பட்ட பாடம் ஷெட்டுக்குள் நுழைந்ததும் மறந்துபோயிற்றே என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"ஏமாத்தி ஏத்த வேணாம். எல்லாத்தையும் கழட்டுங்க, நானே கழுவறேன்" என்றாள்.

இன்ஜினின் அடித்தட்டு கழன்று வந்தது. உள்ளே கறுப்புக் களிம்பு கை புதையும் அளவுக்கு இருந்தது. கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு, மண்ணெண்ணெயும் பிரஷுமாக உட்கார்ந்தாள். மெக்கானிக் ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் தர, அவள் தேய்த்தாள். நகக்கண்ணெல்லாம் கறுத்துவிட்டது. எட்டிப் பார்த்த கணவர், என் சட்டைக்கு ஒருநாளாவது இப்படித் தேய்த்தாயா என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புது கேஸ்கெட் போட்டு மூடிய பிறகு, இந்த முறை மெக்கானிக்கையே கேட்டாள். இருபது-ஐம்பது என்று எண் போட்ட மினரல் ஆயில், சிந்தெடிக் இல்லாத சாதா ஆயில், என்றார் அவர். குளிரில் ரொம்பக் கெட்டியாகாது, சூட்டில் நீர்த்துப் போகாது. அதிலும் ஜிங்க் அதிகமாக இருப்பதாகப் பார்த்து வாங்கச் சொன்னார். பழைய இன்ஜினில் இரும்போடு இரும்பு நேராக உரசுகிற இடங்கள் உண்டு, அதைத் தேயாமல் காப்பது ஜிங்க்தான். புது வண்டி ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்களாம். அவள் கடைக்காரரின் பொறுமையைச் சோதித்து, டப்பா டப்பாவாகத் திருப்பிப் படித்து வாங்கி வந்தாள்.

சனிக்கிழமை மாலை ஆயிலை ஊற்றி, இன்ஜினைச் சூடாக ஓடவிட்டார்கள். விளக்கு எரியவில்லை. மெக்கானிக் ஸ்பேனர் பெட்டியை மூடினார். அவள் விடவில்லை.

"இது முதல் அலசல். வடிச்சிடுங்க."

நல்ல புது ஆயிலம்மா என்று மெக்கானிக் பதறினார். கணவரும் அவரோடு சேர்ந்துகொண்டார். முதல் அலசலோடு துணியைக் காயப்போடுகிறவள் நான் இல்லை என்று சொல்லிவிட்டாள். வடித்தபோது ஆயில் கறுத்துத்தான் வந்தது. ஃபில்டரை மாற்றி, மறுபடியும் புது ஆயில் ஊற்றினார்கள்.

ஞாயிறு காலை தனியாகக் கிளம்பினாள். கணவர் கூட வருகிறேன் என்றதற்கு, நீங்கள் வழியெல்லாம் பேசுவீர்கள் என்று நிறுத்திவிட்டாள். பக்கத்து சீட்டில், அவசரத்துக்கு ஒரு டப்பா ஆயில். இரண்டாவது வளைவு வந்தது. ஒரு கண் ரோட்டிலும் ஒரு கண் விளக்கிலுமாக கியரை மாற்றினாள். விளக்கு எரியவில்லை. மூன்றாவது வளைவிலும் எரியவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் ரோடு தெரியாதே என்று அடக்கிக்கொண்டாள்.

தம்பி வாசலுக்கு ஓடி வந்தான். குனிந்து வண்டிக்கடியில் பார்த்தான். ஒரு சொட்டு இல்லை. நிமிர்ந்தபோது அவன் வாயெல்லாம் பல். அங்கேயே நின்று அந்த ஆளுக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்று சொன்னான். அவன் வாக்குத் தவறுகிறவன் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு, பழக்கதோஷம், நேராக டிரைவர் பக்கம் வந்து கதவில் கை வைத்தான்.

"இறங்குக்கா. ஒரே ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன்."

அவள் இறங்கவில்லை. இன்ஜினையும் அணைக்கவில்லை. அவன் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனான். அங்கே ஆயில் டப்பா உட்கார்ந்திருந்தது. அதை எடுக்கட்டுமா என்பதுபோல அவளைப் பார்த்தான்.

"அது இருக்கட்டும். நீ பின்னாடி ஏறு."

அவன் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டான். அவள் கண்ணாடியில் அவனைப் பார்த்தாள்.

"கதவை மெதுவா சாத்து" என்றாள்.