மீட்டர் முள் நடுங்கிய வண்டி

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வண்டியை லூயிஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி என்றால் பஸ் அல்ல. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட பழைய லாரி. பின்னால் தகரக் கூரை போட்டு, உட்காரப் பலகை அடித்து, ஏறுவதற்கு ஒரு இரும்புப் படியும் தொங்கவிட்டிருந்தார்கள். கல்மண்டபத்தில் தொடங்கி காசிமேடு, தண்டையார்பேட்டை என்று நின்று நின்று, கம்பெனி சங்கு ஊதுவதற்குள் வண்டி வாசலில் நிற்கவேண்டும்.

லூயிஸும் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர்தான். அசாம் மலைப்பாதையில் விளக்கு போடாமல் வண்டி இறக்கியவர் என்று தெருவில் அவருக்கு ஒரு பேர் இருந்தது. அவர் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஐம்பது வயதுக்குள் அப்பாவுக்குக் கண் போய்விட்டது. கடைசிக் காலத்தில் சோற்றுத் தட்டைக் கையால் தடவித் தேடுவார். தேடுகிற வேகத்தில் தட்டு தரையில் உரசும். அந்தச் சத்தம் கேட்டால் லூயிஸ் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே போய்விடுவார்.

1952-ஆம் வருடம் மழைக்காலத்தில் கம்பெனியின் வேறொரு வண்டி வளைவில் குடைசாய்ந்தது. அதிலிருந்து ஒரு உத்தரவு: எந்த வண்டியும் மணிக்கு இருபத்தைந்து மைலைத் தாண்டக் கூடாது. அதுவரை மீட்டரை ஏறெடுத்தும் பார்க்காதவர் லூயிஸ். என்ஜின் சத்தமே அவருக்குப் போதும். உத்தரவு வந்தபிறகு அடிக்கடி பார்க்க வேண்டியதாயிற்று. அப்படிப் பார்த்தபோதுதான் முள் நடுங்குவதைக் கண்டார். நடுங்கியதோடு நிற்கவில்லை. நேராக இருக்கவேண்டிய முள் நடுவில் வளைந்து, நெளிந்து, சில நேரம் அந்த இடத்தில் முள்ளே இல்லாததுபோல் கலங்கியது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்படியேதான் இருந்தது.

பக்கத்தில் ஜெயவேல் உட்கார்ந்திருந்தான். பெண்களைக் கணக்குப் பார்த்து ஏற்றி இறக்குவது அவன் வேலை.

"ஜெயவேலு, மீட்டரு இன்னா காட்டுது?"

"இருவதுண்ணே. இன்னாத்துக்கு கேக்குற?"

"முள்ளு ஆடுதா பாரு."

ஜெயவேல் குனிவதற்குள் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்துவிட்டது. லூயிஸ் பிரேக்கை மிதித்ததில் பின்னால் பெண்கள் கூச்சல் போட்டார்கள்.

"நீ மொதல்ல ரோட்டப் பாருண்ணே. முள்ளு எங்க ஓடப்போவுது?" என்றான் ஜெயவேல்.

மறுபடி கேட்க லூயிஸுக்கு வாய் வரவில்லை. கேட்டு, முள் ஆடவில்லை என்று அவன் சொல்லிவிட்டால்? வீட்டில் மனைவி ஃப்ளோராவிடமும் மூச்சு விடவில்லை. முன்போல் பேச்சு கொடுப்பதில்லை, ராத்திரி புரண்டுகொண்டே கிடக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. காரணம் கேட்டால் வள்ளென்று விழுந்தார். தெருவிளக்குக் கம்பத்தை நிமிர்ந்து பார்க்கவே பயந்தார். அது வளைந்து தெரிந்துவிட்டால் என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லாரும் கண்ணை மூடியிருக்க, அவர் மட்டும் உதடு அசைத்துக்கொண்டிருந்தார். "மாதாவே, வண்டிக் கோளாறா இருக்கட்டும். வண்டி எக்கேடு கெட்டாலும் பரவால்ல. வண்டிக் கோளாறா இருக்கட்டும்."

பூசை முடிந்த கையோடு வண்டியை மூலக்கொத்தளத்துக்கு ஓட்டிப்போனார். அங்கே சுடுகாட்டுச் சுவரை ஒட்டி மதார் சாகிப்பின் ஷெட். பட்டாள வண்டி எதுவானாலும் சாகிப்பிடம்தான் வரும்.

"பாய், மீட்டரு முள்ளு ஆடுற மாரி கீது. கொஞ்சம் பாரேன்."

"ஓடற வண்டிக்கு மீட்டரு எதுக்குப்பா? இதுக்காவ ஞாயித்துக்கெயமையா வந்த?" என்று சிரித்த சாகிப், லூயிஸின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

பின்சக்கரங்களை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். கியரில் போட்டதும் சக்கரம் அந்தரத்தில் சுற்றியது. சாகிப் ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்து மீட்டரைப் பார்த்தார். லூயிஸ் முள்ளைப் பார்க்கவில்லை. சாகிப்பின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடுதுப்பா," என்றார் சாகிப். "பேய் புட்ச்ச மாரி ஆடுது."

"நெசமாவா பாய்? உன் கண்ணுக்குத் தெரியுதா?"

"எனுக்கு இன்னா, கண்ணு பொட்டையா? பத்துக்கும் முப்பதுக்கும் குதிக்குது."

லூயிஸ் ஸ்டீயரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சாகிப் அதைப் பார்க்காதவர்போல் என்ஜினை நிறுத்தி, மீட்டருக்குப் பின்னால் கையை விட்டுக் கேபிளைக் கழற்றினார். மீட்டரின் வாயில் ஒரு சின்னத் துண்டுக் கம்பியைச் செருகி விரலால் உருட்டிவிட்டார். முள் வழுக்கிக்கொண்டு ஏறியது, இறங்கியது. "மீட்டரு சுத்தமா கீது. கேபிளுதான் கலீஜ்," என்று உள்கம்பியை உருவி எடுத்தார். கிரீஸ் காய்ந்து கருத்துப்போயிருந்தது. தரையில் வைத்து உருட்டினால் ஒரு இடத்தில் துள்ளியது. அங்கே கம்பி மடிந்திருந்தது. எவனோ கியர்பாக்ஸ் இறக்கியபோது கேபிளை நசுக்கியிருக்கிறான். சக்கரம் ஒரே சீராகச் சுற்றினாலும், மடிந்த இடம் சிக்கிச் சிக்கி விடுபடும்போது முள் குதிக்கும்.

பழைய வண்டி ஒன்றிலிருந்து நல்ல கேபிளைக் கழற்றி, கிரீஸ் தடவி மாட்டிக்கொடுத்தார் சாகிப். லூயிஸ் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இன்னாப்பா இது, ஒரு கேபிளுக்கு!" என்று சாகிப் கையை உருவிக்கொண்டார்.

அன்று லூயிஸ் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்து பட்டாளத்துக் கதையெல்லாம் சொன்னார். என்ன நடந்தது என்று புரியாமலே ஃப்ளோராவும் சேர்ந்து சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை தண்டையார்பேட்டை தாண்டியதும், ஆசையோடு மீட்டரைப் பார்த்தார். முள் நடுங்கியது. முன்போலவே வளைந்து, நெளிந்து, நடுவில் கலங்கியது.

"ஜெயவேலு." குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. "முள்ளப் பாரு. நல்லா குனிஞ்சி பாரு."

ஜெயவேல் மூக்கு உரசும்படி குனிந்து பார்த்தான். "செல மாரி நிக்குதுண்ணே. பாய் கை பட்டா சும்மாவா?"

லூயிஸ் முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தார். முள் நின்றது. நேராகப் பார்த்தார். நெளிந்தது. வலக்கண்ணை மூடினார், பிறகு இடக்கண்ணை. எந்தக் கண்ணை மூடினாலும் அதே நெளிவுதான். கேபிள் கெட்டிருந்தது உண்மை. கண் கெட்டிருந்ததும் உண்மை. ஒன்றின் பின்னால் மற்றது ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது. இத்தனை நாள் ஓரப் பார்வையையும் பழகிய பாதையையும் வைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார்.

முதுகுக்குப் பின்னால் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். லூயிஸுக்கு ஸ்டீயரிங் வியர்வையில் வழுக்கியது. இன்று ஒரு நாள் மட்டும் ஓட்டிவிடலாமா என்று நினைத்தார். அடுத்த வாரம் வரைக்கும்? யாருக்குத் தெரியப்போகிறது? அப்போது ரோட்டின் நடுவில் ஒரு கலங்கல் தெரிந்தது. அது நிழலா, ஆளா என்று அவரால் சொல்ல முடியவில்லை. வண்டியை ஓரங்கட்டி என்ஜினை அணைத்தார். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் ரோடு.

"இன்னா டிரைவரு, வண்டி பூட்ச்சா?" என்று பின்னாலிருந்து முத்தம்மா கத்தினாள். காசிமேட்டுக்காரி. அந்த வண்டியில் எல்லாருக்கும் சேர்த்துப் பேசுகிறவள் அவள்தான். "சங்கு ஊதினா கம்பெனி கேட்ட சாத்திருவானுங்க!"

லூயிஸ் இறங்கிப் பின்பக்கம் போனார். கதவுப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வண்டி நல்லாத்தான் கீதும்மா. எனுக்குத்தான் கண்ணு தெரியல. இனிமே நான் ஓட்டக்கூடாது. எறங்கி நடந்துடுங்க."

முத்தம்மா இறங்கி அவருக்கு எதிரே வந்தாள்.

"எத்தினி நாளா?"

லூயிஸ் கதவுப் பலகையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"எனுக்கு மூணு கொயந்த கீது டிரைவரு," என்றாள். அவ்வளவுதான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கம்பெனிப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக இறங்கி அவளுக்குப் பின்னால் போனார்கள். ஜெயவேல் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் படியில் உட்கார்ந்திருந்தான். சாவியை அவன் மடியில் போட்டுவிட்டு, லூயிஸ் ரோட்டோரத்து மணலில் குந்தி முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டார்.

கம்பெனி அன்றே கணக்கு முடித்தது. வாரக் கடைசியில் ஃப்ளோரா அவரை எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பார்வையின் நடுப்பகுதி போய்க்கொண்டிருக்கிறது, ஓரப் பார்வை தங்கும், ஒரேயடியாக இருட்டாகாது, இதற்கு மருந்து கிடையாது என்றார்.

"ஆபரேசன் பண்ணாகூட வராதா டாக்டரய்யா?" என்று கேட்டாள் ஃப்ளோரா.

டாக்டர் இல்லையென்று தலையாட்டினார். லூயிஸ் அந்தத் தலையாட்டலைப் பார்க்கவில்லை. ஃப்ளோரா மூக்கை உறிஞ்சிய சத்தத்தில் தெரிந்துகொண்டார்.

திரும்பும்போது ராயபுரம் பாலத்து ஏற்றத்தில் ஒரு சைக்கிள் அவரை உரசிக்கொண்டு போனது. ஃப்ளோரா சட்டென்று அவர் கையைப் பிடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து தெருவில் அவருக்கு இரண்டடி பின்னால் நடந்தே பழகியவள் அவள். எதிரே வந்த தெரிந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"வுடு, ஆளுங்க பாக்குறாங்க," என்றார் லூயிஸ்.

"பாக்கட்டும்," என்றாள். பாலம் இறங்கி வீட்டு வாசல் வரும்வரை கையை விடவில்லை.