வெந்நீர்ச் சுவர்

இருபத்திரண்டு வருஷம் தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தும் தீயைக் கண்டால் இப்படி நடுங்குகிற மனிதரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. மாரிராஜ், தம் வீட்டு அடுப்பைக்கூடத் தாமே பற்றவைக்க மாட்டார். இடைசெவல்காரர். கோவில்பட்டி தாண்டி கயத்தாறு போகும் வழியில் ஒரு ஆலை. மருந்தில் முக்கியெடுத்த குச்சிகளைக் காயவைக்கும் அறைக்கு அவர்தான் பொறுப்பு.

அந்த அறைக் கதவைத் திறக்குமுன் புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்ப்பார். சில்லென்றிருந்தால் திறக்கலாம். சுட்டால் உள்ளே தீ. கதவைத் தொடாமல் கத்த வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி அடைக்கும் பெண்கள் முப்பது பேர். அதில் ஒருத்தி அவர் மனைவி ஆவுடைத்தாய்.

போன ஐப்பசியில் முதலாளி செல்லத்துரை ஆலைக்குள் ஆயிரத்து இருநூறு அடிக்கு போர் போட்டார். தண்ணீர் ஆவி பறக்க வந்தது. பூமிக்குள் ஆழம் போகப்போகச் சூடுதான், இன்னும் ரொம்ப ஆழத்திலிருந்து பாறை வெடிப்பு வழியே ஏறிய தண்ணீர் அந்தச் சூட்டோடு வருகிறது, மழைக்காலத்தில் இதை வைத்தே குச்சி காயவைக்கலாம் என்றார் பார்க்க வந்த பொறியாளர். முதலாளிக்குக் கொள்ளைச் சந்தோஷம். காயவைக்கும் அறையின் சுவரோரம் பைப் ஓடியது. பெண்கள் மூட்டுவலிக்கு ஊற்றக் குடத்தில் பிடித்துப் போனார்கள். மாரிராஜ் மட்டும் ஒரு குடம்கூடப் பிடிக்கவில்லை.

"நம்ம காலுக்கு அடியிலயும் தீதானா?" என்று அங்கே கணக்கு எழுதும் என்னிடம் கேட்டார்.

முதல் நாளே சுவர் சுட்டது. அவர் கத்திய கத்தில் முப்பது பேரும் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். பார்த்தால் பைப் சூடு. மறுவாரமும் அதே கதை.

"அண்ணாச்சி, இன்னொருவாட்டி கத்துனீங்கன்னா வீட்டுலயே இருந்துக்கிடுங்க" என்றார் முதலாளி.

"அண்ணாச்சி, சுவரு சுடுதா?" என்று பெண்கள் அவரைக் கண்டாலே சிரித்தார்கள். சிரிப்பவர்களுக்கு என்ன? அவரிடம் இருந்த ஒரே அடையாளம் போய்விட்டது. இனி தீச்சூடு எது, வெந்நீர்ச்சூடு எது? தினமும் செத்துச் செத்துத்தான் அந்தக் கதவைத் திறந்தார்.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை. மின்வாரியப் பராமரிப்பு நாள். காலையிலிருந்தே கரண்ட் இல்லாததால் போர் மோட்டார் ஓடவே இல்லை; பைப்பில் வெந்நீர் வரவில்லை. வழக்கப்படி புறங்கையை வைத்தார். சுட்டது.

அவர் கத்தியதும் பெண்கள் சிரித்தார்கள். யாரும் எழவில்லை. ஆவுடைத்தாய் மட்டும் பதறி எழுந்தாள்.

"ஏட்டி, இவிய இன்னைக்கு வேற மாதிரில்லா கத்துதாவ! எந்திரிங்கட்டி!"

பக்கத்திலிருந்தவளைக் கையைப் பிடித்து இழுத்தாள். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி ஓடினார்கள். கடைசிப் பெண் வாசலைத் தாண்டும்போது கூரை ஓட்டு இடுக்கில் கரும்புகை வந்துவிட்டது. உள்ளே கழிவுக் குச்சி மூட்டை ஒன்று கனன்றிருக்கிறது. இரண்டு அறைகளும் எரிந்துபோயின. ஒருவருக்கும் ஒரு காயமில்லை.

முதலாளி வீடு தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து மாரிராஜ் என்னிடம் சொன்னார்.

"சுட்ட உடனே நான் கத்தலை தம்பி. நேத்து ஓடுன சூடா இருக்கும், திரும்பவும் சிரிப்பாளுவன்னு நின்னுட்டேன். ஒரு வாய் வெத்தலை மடிக்குற நேரம். எம் பொஞ்சாதியும் உள்ள இருக்கா, அது தெரிஞ்சேதான் நின்னேன்."

"அக்காட்ட சொன்னீங்களா?"

"கை வச்ச உடனே நான் கத்துனேன்னு அவ ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதா."