விமான நிலையத்தில் நின்ற கப்பல்

காலையில் செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் எங்கள் நெல் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டையைப் பார்க்க வேண்டிய நான் போனைப் பார்த்துக்கொண்டு வழியிலேயே நின்றேன். மூட்டை சுமந்து வந்தவர், "யோவ், நவுந்து நில்லுய்யா! போன்ல இன்னா, புதையலா இருக்குது?" என்று கத்தினார்.

புதையல்தான். உலக வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அது என் மகள் கோமதி மூன்றாம் அதிகாரியாக வேலை பார்க்கும் கண்டெய்னர் கப்பல். "ஹார்முஸ் ஜலசந்தி வழியா உள்ள போறோம் நைனா. அந்தப் பக்கம் சண்டை. கப்பல்ல வைஃபைய நிறுத்திடுவாங்க. பயப்படாத" என்று முந்தின நாள் குரல் பதிந்து அனுப்பியிருந்தாள். பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே வரும். இப்போது அந்தப் புள்ளி கடலில் இல்லை. கரையேறிப் போய், பாலைவனத்தில் ஒரு விமான நிலையத்தின் நடுவே நிற்கிறது.

அங்கிருந்த ஒரு சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். புதுச் சாக்கு. சணலும் எண்ணெயும் கலந்த அந்த நெடி மூக்கில் ஏறியதும் பழைய கப்பலின் அடித்தட்டு நினைவுக்கு வந்துவிட்டது.

ஆமாம், நானும் கப்பலில் இருந்தவன். ஊரில் என்னைக் 'கப்பல்காரர்' என்பார்கள். அதை வைத்துப் பெரிய மாலுமி என்று நினைத்துவிடாதீர்கள். நான் பண்டாரி, அதாவது சமையல்காரன். ஏழு கடலிலும் வெங்காயம் உரித்து அழுதவன்.

எங்கள் கப்பல் அரிசி மூட்டையும் சர்க்கரை மூட்டையும் ஏற்றிப்போகும். இறக்கி முடிக்க நாள் கணக்காகும். மழை வந்தால் மூட்டை நனையும் என்று வேலையை நிறுத்துவார்கள்; எங்களுக்கு ஊர் சுற்றக் கிடைக்கும். அந்த மழைக்காக நாங்கள் வேண்டிய அளவுக்கு எங்கள் ஊர் விவசாயிகள்கூட வேண்டியிருக்க மாட்டார்கள். கோமதிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெட்டிகளைக் கிரேன் எடுத்து வைத்ததும் கப்பல் கிளம்பிவிடும். எத்தனை ஊர் பார்த்தாய் என்று ஒருமுறை கேட்டேன். "எல்லா ஊரு கிரேனையும் பாத்திருக்கேன் நைனா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

என் காலத்திலும் புள்ளி உண்டு. மதியத்தில் இரண்டாம் அதிகாரி வெளியே நின்று சூரியனைக் கருவியில் பிடித்து, கணக்குப் போட்டு, வரைபடத்தாளில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். தூத்துக்குடிக்காரர், நல்ல மனுஷன். டீ கொண்டுபோகும் சாக்கில் நான் எட்டிப் பார்ப்பேன். "நாம இங்கதான் சார் இருக்கோமா?" என்றால், "மேகம் மறைக்காட்டி இங்கதான்" என்பார். அந்தப் புள்ளியைக் கப்பலுக்கு வெளியே ஒருவரும் பார்த்ததில்லை.

என் அம்மாவும்தான். ஒரு புயலில் குழம்பு அண்டா என் மேலேயே சாய்ந்தது. எல்லோரும் உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தோம். அடுத்த துறைமுகத்தில் அதை வீட்டுக்கு எழுதிப் போட்டேன். புத்தி கெட்டவன், எழுதாமல் இருந்திருக்கலாம். தபால் செஞ்சிக்கு வந்தபோது நான் வேறொரு ஊரில் மிளகாய்த்தூளுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா தெருவே கூடும்படி அழுதாளாம். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர், "அவன் கைப்பட கடுதாசி போட்டிருக்கான்னா நல்லாத்தான இருக்கான்?" என்று கேட்டிருக்கிறார். அம்மா மூக்கைச் சிந்திவிட்டு உலை வைக்கப் போய்விட்டாளாம்.

எனக்குச் சொல்ல அப்படி ஒருவர் இல்லை. வீட்டுக்கு வந்தால் மனைவி அதே வரைபடத்தோடு வாசலிலேயே நிற்கிறாள்.

"இன்னாங்க இது, கப்பலு ஏர்போர்ட்ல நிக்குது?"

"சிக்னல் கோளாறா இருக்கும்."

"இருக்குமா? நீங்க கப்பல்ல இருந்தவருதான, கரெக்டா சொல்லுங்க!"

வெங்காயம் உரித்தவனுக்கு என்ன தெரியும்? கம்பெனி ஆபீஸில் கேட்டால், விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். பிறகு போனை எடுக்கவில்லை. தட்டில் போட்ட சோறு அப்படியே காய்ந்தது. கப்பல் கரை தட்டியதா, யாராவது பிடித்துக்கொண்டு போய்விட்டார்களா என்று மனம் கண்டபடி ஓடியது. கோமதி சின்ன வயதில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் படிகளில் என் கையை உதறிவிட்டு ஓடியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் அவள் குரல் வந்தது. "நைனா, தாண்டிட்டோம். எல்லாரும் நல்லா இருக்கோம். சண்டைக்காக ஜிபிஎஸ்ஸ குழப்பிவுட்றாங்க, அதான் மேப்ல கப்பலு எங்கியோ காட்டுது. நாங்க ராடார்லயும் கண்ணாலயும் கரையப் பாத்துப் பாத்துதான் ஓட்டுனோம். நீ சாப்டியா?"

மனைவி அழுதுகொண்டே கற்பூரம் ஏற்றினாள். "கண்டம் தாண்டிடுச்சுங்க. அமாவாசைக்கு மலையனூரு கோயிலுக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றாள்.

நான் தலையாட்டினேன். அந்த வளைகுடாவுக்கு ஹார்முஸ் ஒன்றுதான் வாசல் என்று அவளிடம் சொல்லவில்லை. ராஜகிரி உச்சிக்குப் போகிற பாலம் மாதிரி, ஏறவும் அதுதான், இறங்கவும் அதுதான். பெட்டிகளை இறக்கிவிட்டு என் மகள் அதே வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

"அதான் தாண்டிட்டாளே, இன்னும் இன்னாத்துக்குப் போனையே பாக்கறீங்க?" என்றாள் மனைவி.

சும்மாதான் என்றேன். புள்ளி கடலுக்குத் திரும்பியிருந்தது. அது உண்மையா பொய்யா என்று எனக்கு இனிமேல் தெரியப்போவதில்லை. அம்மாவுக்குப் பயம் தபாலில் வந்தது. அது செஞ்சிக்கு வந்து சேர்வதற்குள் நான் எப்போதோ கரையேறியிருந்தேன். அந்தத் தாமதம் இப்போது எந்த வீட்டிலும் இல்லை.