ராத்தா ஓட்டிய சோலார் தோணி

அக்காவை நாங்கள் ராத்தா என்போம். அவள் புருஷனான மச்சானின் தோணி எஞ்சினில் ஒரு இழுகயிறு இருந்தது. வெடுக்கென்று இழுத்தால்தான் அதற்கு உயிர் வரும். மச்சான் முதுகு அடிபட்டுப் படுக்கையில் விழுந்த பிறகு, ராத்தா முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அதைப் பத்துப் பன்னிரண்டு தரம் இழுத்ததைக் கரையில் நின்று பார்த்தேன். எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது. அவள் தோணிப் பலகையில் உட்கார்ந்து, சிவந்த உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாளில் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் போனது. பொத்துவில் களப்பு என்ற உப்பேரியின் இரு கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்கித்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. நான் வயரிங் வேலை செய்கிறவன். ஒரு விடுதிக் கூரையிலிருந்து கழற்றிய இரண்டு சோலார் பேனல்களைத் தோணிக்கு மேலே பந்தல்போலப் பூட்டி, பின்புறம் சிறிய மின்மோட்டார் ஒன்றை வைத்தேன். நல்ல பற்றரி அகப்படவில்லை. பழைய லொறிப் பற்றரிகளை இணைத்தேன். லொறி எஞ்சினை உதறி எழுப்பத்தான் அவை உதவும், நாள் முழுக்க இழுக்கத் தாங்காது என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் சுவிச்சைத் திருப்பியதும் தோணி சத்தமில்லாமல் நகர, ராத்தா சிரித்தாள். மச்சான் விழுந்த பிறகு அவள் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

"தம்பி, இனிக் கத்தாம கதைக்கலாம் என்ன?"

நான் பற்றரிகளின் மேல் பலகையை இழுத்து மூடினேன்.

பொம்பிளை தோணி ஓட்டுவதா என்று முணுமுணுத்தவர்களின் வீட்டுப் பெண்களே கிளினிக் போக அவளுக்காகக் காத்திருந்தார்கள். மாரி தொடங்கி மூன்று நாள் வானம் மூடிக் கிடந்தபோது, அக்கரையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. ராத்தா அவளை ஏற்றிக்கொண்டு வர, நடுக்களப்பில் மோட்டார் நின்றது. எதிர்காற்றில் இரண்டு மணித்தியாலம் கழி ஊன்றியே தோணியைக் கரை சேர்த்தாள். குழந்தை சுகமாகப் பிறந்தது. ராத்தாவின் வலது தோள்தான் பிறகு எழும்பவேயில்லை.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "ராத்தா, அந்தப் பற்றரி தாங்காதெண்டு எனக்கு முதல்லயே தெரியும்."

"எனக்கும் தெரியும்டா. ரெண்டு கிழமையாப் பின்னேரத்தில இழுவை குறைஞ்சிதான் வந்திச்சு. நீ மனசு நோவாயெண்டு சொல்லல்ல."

இதை எத்தனையோ கூரைகளின் மேல், வெயிலில், நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒருவர் மனது நோகாமலிருக்க மற்றவர் மறைத்தோம். நடுவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்தாள். இப்போதெல்லாம் வேலை முடித்து இறங்கும்போது உடம்பைவிட மனதுதான் அலுத்திருக்கிறது.

போன மாதம் சரியான பற்றரி ஒன்றைக் கொண்டுபோய்ப் பூட்டினேன். இனி மச்சானின் தங்கைதான் ஓட்டப்போகிறாள். ராத்தா இடது கையால் பந்தல் குழாயைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"வானம் மூடினா எவ்வளவு நேரம் ஓடும்?"

"கூடினா ரெண்டு மணித்தியாலம்."

"மெய்யாவா?"

"ஒண்டரை எண்டு வெச்சுக்கங்க."

"அதத் தோணியில எழுது. பெரிசா எழுது."

பெயின்ற் வாங்கி வர எழுந்தேன்.